ரோபோ வேக்யூமை இணைய ட்ரிக்கர்களால் இயக்குவது: எது நிலைக்கும், எது காலை வாரும்

கேள்வி இது: வீட்டில் வைஃபையில் இணைந்த ரோபோ வேக்யூம் ஒன்று இருக்கிறது. தினமும் ஆப்பைத் திறந்து பட்டனை அழுத்தாமல், எல்லோரும் வெளியே கிளம்பியதும் அது தானாகப் பெருக்க வேண்டும். காலண்டரில் விருந்தினர் வருகை இருந்தால் அதற்கு முன் ஒருமுறை பெருக்க வேண்டும். வீடியோ மீட்டிங் நடக்கும்போது நிற்க வேண்டும். இதற்கு இணையச் சேவைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஐஎஃப்டிடிடி போதுமா, வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் தேவையா?

"ஆள் போனால் பெருக்கு" என்ற ஒன்று மட்டும் போதுமென்றால் கூகுள் ஹோம் அல்லது அலெக்சாவின் ரொட்டீனிலேயே (நிபந்தனைப்படி தானாக ஓடும் செயல் வரிசையிலேயே) முடித்துவிடலாம், தனிச் செலவு இல்லை. காலண்டர், மீட்டிங், அறைவாரியான பெருக்கல் என்று இரண்டாவது நிபந்தனை சேர்ந்தால் ஹோம் அசிஸ்டன்டுக்குப் போய்விடுங்கள். ஐஎஃப்டிடிடி போன்ற சேவைகளை வெளியிலிருந்து செய்தி கொண்டுவரும் தபால்காரராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பை அவற்றிடம் கொடுக்க வேண்டாம்.

காரணம் எளிது. இணையத்திலிருந்து வரும் ட்ரிக்கர், அதாவது ஆட்டோமேஷனைத் தூண்டும் நிகழ்வு, தாமதமாக வரலாம், இரண்டு முறை வரலாம், வராமலும் போகலாம். விளக்கைப் போடும் வேலையென்றால் இதனால் பெரிய நட்டமில்லை. ரோபோ வேக்யூமோ ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் ஓடும் இயந்திரம். தவறான நேரத்தில் கிளம்பினால் தூங்கும் குழந்தை எழுந்துவிடும், சார்ஜர் கேபிளை விழுங்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். எனவே "ட்ரிக்கர் வந்தது, ரோபோவைக் கிளப்பு" என்று நேராக எழுதாதீர்கள். ட்ரிக்கர் ஒரு கோரிக்கையைப் பதிந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு ஆட்டோமேஷன் அந்தக் கோரிக்கையை எடுத்து, வீட்டில் ஆள் இருக்கிறார்களா, நேரம் சரியா, பேட்டரி போதுமா, ரோபோ டாக்கில் (சார்ஜ் ஏறும் தளத்தில்) இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கட்டும். கீழே உள்ள அமைப்பு முழுவதும் இந்த ஒரு முடிவின் மேல் நிற்கிறது.

முதலில் உங்கள் ரோபோ எந்த ரகம்

ஆட்டோமேஷன் எழுதுவதற்கு முன், ரோபோவிடம் கட்டளை எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போகிறதா, நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறதா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

வைஃபை உள்ள, ஐரோபோட் நிறுவனத்தின் பழைய ரூம்பா வரிசைகள் உள்ளூரிலேயே, அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே, பேசும். எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறை, போர்ட் (இணைப்பு வாயில் எண்) 8883. ரோபோவை டாக்கில் வைத்து ஹோம் பட்டனைச் சுமார் 2 விநாடி அழுத்திப் பிடித்தால் ஓர் ஒலி கேட்கும். அப்போது ஹோம் அசிஸ்டன்ட் அதன் கடவுச்சொல்லை எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல்: ஒரு நேரத்தில் ஓர் உள்ளூர் இணைப்பைத்தான் ரூம்பா ஏற்கும். அதே வைஃபையில் உள்ள போனில் ஐரோபோட் ஆப் திறந்திருந்தால் இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று துண்டிக்கும். கடவுச்சொல் எடுக்கும்போது வீட்டில் எல்லாப் போன்களிலும் அந்த ஆப்பை மூடிவிடுங்கள். 2025இல் வந்த புதிய ரூம்பாக்கள் வேறு ஆப்பில் இயங்குபவை. பழைய வழி அவற்றுக்கும் பொருந்தும் என்று நம்பி வாங்க வேண்டாம். ஹோம் அசிஸ்டன்டின் ஆதரவுப் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரோபோராக்கில் கணக்கின் மின்னஞ்சலுக்கு வரும் குறியீட்டைக் கொடுத்து இணைக்க வேண்டும். அதன்பின் பெரும்பாலான கட்டளைகள் வீட்டுக்குள் போர்ட் 58867 வழியே போகும், வரைபடம் மட்டும் கிளவுட் (நிறுவனத்தின் சர்வர்) வழியே வரும். ரூட்டரில் ரோபோவின் இணையத்தை முழுக்க அடைத்துவிட்டால் வரைபடமும் அதைச் சார்ந்தவையும் நின்றுவிடும். பழைய ஷாவ்மி மாடல்களுக்கு 32 எழுத்து டோக்கன் (ரோபோவுக்கான ரகசியக் குறியீடு) தேவை, யுடிபி போர்ட் 54321. ஆப்பில் தேர்ந்தெடுத்த நாடு எதுவோ அதே நாட்டின் சர்வரில்தான் டோக்கன் இருக்கும். டோக்கன் கிடைக்கவில்லை என்று தவிப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள். ஆப்பில் ரோபோவை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் டோக்கனும் மாறிவிடும்.

விலை குறைந்த பல ரோபோக்கள் டுயா என்ற கிளவுட் தளத்தில் இயங்குபவை. தொடங்கு, நிறுத்து, டாக்குக்குப் போ என்ற மூன்றும் கிடைக்கும். அறைவாரியாகப் பெருக்க வைப்பது மாடலைப் பொறுத்தது. கிளவுடே வேண்டாம் என்பவர்களுக்கு வாலெட்யூடோ என்ற திறமூல மென்பொருள் உண்டு. ட்ரீமி, ரோபோராக் முதலியவற்றின் சில மாடல்களில் ஏற்றலாம். சிலவற்றில் ரோபோவைத் திறந்து சர்க்யூட் போர்டைத் தொட வேண்டியிருக்கும், வாரண்டி போய்விடும். லினக்ஸ் கட்டளை வரியில் கை பழகியவர் மட்டும் இறங்குங்கள்.

கிளவுடைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நியாட்டோ ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தை அதன் தாய் நிறுவனமான ஃபோர்வெர்க் 2023இல் மூடியது. ரூம்பாவைத் தயாரிக்கும் ஐரோபோட் 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. சர்வர் போனால் நன்றாக ஓடும் இயந்திரமும் வெறும் பட்டன் கருவியாகிவிடும். உள்ளூரில் பேசும் ரோபோவுக்கு அந்தக் கதி வராது.

எல்லா ரகத்துக்கும் பொதுவான ஒன்று: பெரும்பாலான ரோபோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரூட்டரில் முதல் இணைப்பு தடுமாறினால், 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்து, ரோபோவைச் சேர்த்துவிட்டு, மறுபடி போடுங்கள். ரூட்டரில் ரோபோவுக்கு ஒரு நிலையான ஐபி முகவரியையும் அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

எளிய வழி

கூகுள் ஹோமில் ரோபோவின் கணக்கை இணைத்து, வீட்டில் ஆள் இல்லை என்ற நிலைக்கான ரொட்டீனில் ரோபோவைத் தொடங்கும் செயலைச் சேர்க்கலாம். குடும்பத்தில் எல்லோருடைய போனும் அந்த வீட்டில் சேர்ந்திருக்க வேண்டும், இருப்பிட அனுமதி எப்போதும் என்று இருக்க வேண்டும். அலெக்சாவிலும் இருப்பிட ட்ரிக்கர் உண்டு. ஆனால் அது ஒரு போனைத்தான் பார்க்கும். நீங்கள் கிளம்பியதைத்தான் அறியும், வீடு காலியானதை அறியாது.

ஐஎஃப்டிடிடியில் ஒரு பக்கம் நிகழ்வு, மறுபக்கம் செயல், இரண்டையும் சேர்த்தால் ஓர் ஆப்லெட். போன் அழைப்பு வந்தால் ரூம்பாவை நிறுத்தும் ஆப்லெட் ஓர் உதாரணம். இலவசத் திட்டத்தில் ஆப்லெட்டுகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, வெப்ஹூக் (ஓர் இணைய முகவரியைத் தட்டி ட்ரிக்கர் செய்யும் வழி) கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். இதைவிட முக்கியமானது வேகம். பல சேவைகளை ஐஎஃப்டிடிடி இடைவெளி விட்டுப் போய்ப் பார்க்கிறது. இலவசத் திட்டத்தில் அந்த இடைவெளி ஒரு மணி நேரம் வரை போகும். நீங்கள் 9 மணிக்குக் கிளம்பி, 9.50க்குச் செய்தி போய், 10 மணிக்கு வீடு திரும்பும்போது ரோபோ ஓடிக்கொண்டிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. தவிர, "இது நடந்தால் அதைச் செய்" என்பதற்குள் "ஆனால் இன்று ஏற்கெனவே பெருக்கியிருந்தால் வேண்டாம்" என்பதை நுழைப்பது சிரமம்.

ஹோம் அசிஸ்டன்டில் முழு அமைப்பு

ராஸ்ப்பெர்ரி பை 4, பழைய மினி பிசி, அல்லது ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் பெட்டி, எதிலும் ஓடும். ராஸ்ப்பெர்ரி பையில் எஸ்டி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் எஸ்டி கார்டில் உள்ள தரவு கெட்டுப்போவது சகஜம். ரூட்டருக்கும் இதற்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ரோபோவைச் சேர்த்ததும், டெவலப்பர் டூல்ஸ் பக்கத்தில் அதன் நிலைகள் எப்படி மாறுகின்றன என்று ஒரு முழுச் சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். டாக்கில், பெருக்குகிறது, இடைநிறுத்தம், சும்மா நிற்கிறது, திரும்புகிறது, பிழை, இவைதான் பொது நிலைகள். பேட்டரி அளவு பழைய வழிகாட்டிகளில் ரோபோவின் பண்பாக எழுதப்பட்டிருக்கும். இப்போது அதைத் தனி சென்சாரிலிருந்து எடுக்க வேண்டும். பழைய உதாரணத்தை அப்படியே ஒட்டினால் நிபந்தனை எப்போதும் பொய்யாகி, ரோபோ கிளம்பவே கிளம்பாது.

பிறகு மூன்று ஹெல்ப்பர்களை (ஹோம் அசிஸ்டன்டில் நாமே உருவாக்கும் நிலைக் குறிகளை) உருவாக்குங்கள். முதலாவது "பெருக்கல் நிலுவை" என்ற டாகிள் (ஆன்/ஆஃப் சுவிட்ச்). இரண்டாவது "கடைசியாகப் பெருக்கியது" என்ற தேதி-நேரம். மூன்றாவது "வீட்டில் ஆள் உண்டு" என்ற இன்னொரு டாகிள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். டாகிள்களுக்குத் தொடக்க மதிப்பு கொடுக்க வேண்டாம். கொடுக்காவிட்டால்தான் ஹோம் அசிஸ்டன்ட் மறுபடி தொடங்கும்போது முந்தைய நிலை அப்படியே திரும்பும்.

இனி எந்த ட்ரிக்கராக இருந்தாலும், காலண்டரோ வெப்ஹூக்கோ தினசரி 8 மணியோ, அதன் வேலை "பெருக்கல் நிலுவை"யை ஆன் செய்வது மட்டும். ஏற்கெனவே ஆனில் இருப்பதை மறுபடி ஆன் செய்தால் எதுவும் மாறாது. ஆகவே ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் கவலையில்லை.

அந்தக் கோரிக்கையை எடுத்து முடிவெடுக்கும் ஒரே ஆட்டோமேஷனை வாயில் காவல் என்று அழைப்போம். அது இப்படி இருக்கட்டும். கிளம்பும் நிகழ்வுகள் மூன்று: நிலுவை ஆன் ஆவது; வீட்டு ஸோனில் (வரைபடத்தில் வீட்டைச் சுற்றிய வட்டத்தில்) உள்ள ஆட்களின் எண்ணிக்கை 1க்குக் கீழே போய் 10 நிமிடம் ஆவது; இவை போக 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சுற்றுப் பார்வை. இந்த மூன்றாவதைத் தவறாமல் சேருங்கள். "10 நிமிடம் நீடித்தால்" என்ற கணக்கு, ஹோம் அசிஸ்டன்ட் மறுபடி தொடங்கினாலும் ஆட்டோமேஷன்களை மறுபடி ஏற்றினாலும் அழிந்துவிடும். அந்த நேரத்தில் கரண்ட் போய் வந்திருந்தால் அன்றைய பெருக்கல் யாருக்கும் தெரியாமல் விட்டுப்போகும். சுற்றுப் பார்வை அதைப் பிடித்துவிடும்.

நிபந்தனைகள்: நிலுவை ஆன்; வீட்டு ஸோனில் எண்ணிக்கை 0, அப்படி ஆகி 10 நிமிடமாவது கடந்திருப்பது; "வீட்டில் ஆள் உண்டு" ஆஃப்; காலை 9 முதல் மாலை 6க்குள்; ரோபோ டாக்கில்; பேட்டரி 60 விழுக்காட்டுக்கு மேல்; கடைசியாகப் பெருக்கி 20 மணி நேரமாவது ஆகியிருப்பது. இருபத்து நான்கு என்று வைத்தால் நேற்று 10 மணிக்கு முடிந்தது இன்று 9.30க்குத் தடுக்கப்படும், நாளாக நாளாகப் பின்னே தள்ளிப்போகும். இருபது வசதியான எண். அந்த 10 நிமிடத்தை ட்ரிக்கரில் மட்டும் எழுதிவிட்டு நிபந்தனையில் விட்டுவிடாதீர்கள். மற்ற இரண்டு ட்ரிக்கர்களும் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

செயல்: ரோபோவைத் தொடங்கு. 2 நிமிடம் வரை "பெருக்குகிறது" என்ற நிலை வருகிறதா என்று காத்திரு. வரவில்லையென்றால் போனுக்கு அறிவிப்பு அனுப்பு. இந்த உறுதிசெய்யும் படி இல்லாத ஆட்டோமேஷன் முழுமையானதல்ல. குப்பைத் தொட்டி சரியாகப் பொருந்தாமல் இருப்பது, சக்கரம் மாட்டியிருப்பது, கிளவுட் கட்டளையை விழுங்கிவிடுவது, எதுவானாலும் இந்த ஒரு படியில் தெரிந்துவிடும். ஆட்டோமேஷனின் மோடு சிங்கிள் (ஒரு நேரத்தில் ஒரே ஓட்டம்) என்றே இருக்கட்டும்.

முடிவைக் கண்டறிவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "டாக்குக்கு வந்துவிட்டது, ஆகவே முடிந்தது" என்று எழுதக் கூடாது. பெரிய வீட்டில் பேட்டரி குறைந்ததும் ரோபோ பாதியில் டாக்குக்குப் போய், சார்ஜ் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த இடைவேளையை முடிவு என்று எடுத்துக்கொண்டால் நிலுவை ஆஃப் ஆகி, கணக்கெல்லாம் குழம்பும். ரோபோராக்கில் கடைசிப் பெருக்கல் முடிந்த நேரத்துக்கு ஒரு தனி சென்சார் உண்டு. அது மாறும்போது மட்டும் நிலுவையை ஆஃப் செய்து, கடைசித் தேதியை எழுதுங்கள். அத்தகைய சென்சார் இல்லாத ரோபோவில், "திரும்புகிறது" என்பதிலிருந்து "டாக்கில்" என்பதற்கு மாறி, பேட்டரி 30க்கு மேல் இருந்தால் முடிந்ததாகக் கொள்ளலாம். தொடக்க நிலையைக் குறிப்பிடாமல் "டாக்கில் ஆனால்" என்று மட்டும் எழுதினால், வைஃபை துண்டித்து மறுபடி சேரும் ஒவ்வொரு முறையும் பெருக்கி முடிந்ததாகப் பதிவாகும்.

யாராவது பாதியில் வீடு திரும்பினால் இன்னொரு சிறிய ஆட்டோமேஷன் ரோபோவை டாக்குக்கு அனுப்பட்டும். இந்தத் திரும்புதலை முடிவாக எண்ணாதபடி, வீடு காலியாக இருக்கும்போது மட்டும் முடிவைப் பதியச் செய்யுங்கள். அப்போதுதான் நிலுவை ஆனிலேயே இருந்து, அடுத்த முறை வீடு காலியாகும்போது ரோபோ மறுபடி கிளம்பும்.

வீடு காலி என்று எப்படித் தெரியும்?

இந்த அமைப்பில் மிகவும் பலவீனமான இடம் இதுதான். வீட்டு ஸோனின் ஆரம் இயல்பாக 100 மீட்டர். அதைக் குறைக்க வேண்டாம். அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் நிலைகொள்ளாமல் குதிக்கும். சோபாவில் கிடக்கும் போன் பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பும். 10 நிமிடக் காத்திருப்பு இதற்காகத்தான். அதோடு ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்காணிப்புகளைச் சேருங்கள்: போன் ஆப்பின் ஜிபிஎஸ் ஒன்று, ரூட்டரில் போன் இணைந்திருப்பது ஒன்று. ரூட்டர் "இருக்கிறார்" என்றால் ஜிபிஎஸ் என்ன சொன்னாலும் ஆள் வீட்டில் என்றே ஹோம் அசிஸ்டன்ட் எடுத்துக்கொள்ளும். இங்கே நமக்கு வேண்டியதும் அந்தப் பக்கச் சாய்வுதான்.

ஆண்ட்ராய்டில் ஹோம் அசிஸ்டன்ட் ஆப்புக்கு இருப்பிட அனுமதியை எப்போதும் என்று கொடுத்து, பேட்டரிச் சிக்கனத்திலிருந்து அதற்கு விலக்கும் கொடுங்கள். விலக்கு இல்லையென்றால் பல போன்கள் பின்னணியில் ஆப்பைக் கொன்றுவிடும். நீங்கள் ஆபீசில் இருக்கும்போது வீட்டிலேயே இருப்பதாகக் காட்டும். ஐபோனில் எப்போதும் என்பதோடு துல்லிய இருப்பிடத்தையும் ஆன் செய்ய வேண்டும்.

இனி அந்த மூன்றாவது டாகிள். ஸோனின் எண்ணிக்கை 0 என்றால் கண்காணிக்கப்படும் போன்கள் வீட்டில் இல்லை என்று மட்டும்தான் பொருள். மதியம் உறங்கும் பாட்டி, வேலைக்கு வரும் அக்கா, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமா, இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. கீழே பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஜிக்பீ (கம்பியில்லா) பட்டனை ஒட்டி "வீட்டில் ஆள் உண்டு" டாகிளோடு இணைத்துவிட்டால் யாரும் ஆப்பைத் தொட வேண்டியதில்லை.

மோஷன் சென்சாரை நம்பலாமே என்று தோன்றும். ஆனால் ஓடும் ரோபோவையே சில சென்சார்கள் ஆள் என்று எண்ணிவிடும். ரோபோ கிளம்பும், சென்சார் விழிக்கும், ஆள் வந்ததாக எண்ணி ரோபோ திரும்பும், வீடு காலியென்று மறுபடி கிளம்பும். இந்தச் சுழலைத் தவிர்க்க, ரோபோ கிளம்புவதற்கு முன் மட்டும் மோஷன் சென்சாரைப் பாருங்கள், ஓடும்போது பார்க்காதீர்கள். வீட்டில் திருட்டு அலாரம் இருந்தால் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள்.

வெளியிலிருந்து வரும் ட்ரிக்கர்கள்

காலண்டர்: கூகுள் காலண்டரை ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது. நிகழ்வுக்கு 2 மணி நேரம் முன்பு என்று ட்ரிக்கர் வைத்திருக்கிறீர்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கும்போது நிகழ்வைப் பதிகிறீர்கள் என்றால் ட்ரிக்கர் வராது. என் பார்வையில் காலண்டரின் சிறந்த பயன் தடுப்பதுதான். "பெருக்க வேண்டாம்" என்ற பெயரில் ஒரு தனிக் காலண்டர் வைத்து, அதில் நிகழ்வு நடந்துகொண்டிருந்தால் காவல் ஆட்டோமேஷன் அனுமதிக்காதபடி ஒரு நிபந்தனை சேருங்கள். வீட்டில் விசேஷம், பரீட்சை, பெயின்ட் வேலை எல்லாவற்றுக்கும் உதவும். வீட்டில் தொழில்நுட்பம் தெரியாதவர்களும் போன் காலண்டரில் ஒரு வரி எழுதி ரோபோவை நிறுத்திவைக்க முடியும்.

மீட்டிங்: காலண்டரை நம்ப வேண்டாம், மீட்டிங்குகள் நேரத்தில் தொடங்குவதும் இல்லை முடிவதும் இல்லை. மேக் கணினிக்கான ஹோம் அசிஸ்டன்ட் ஆப், கேமராவும் மைக்கும் பயன்பாட்டில் இருக்கின்றனவா என்று தெரிவிக்கும். மைக் ஆன் ஆனால் ரோபோவை இடைநிறுத்து, ஆஃப் ஆகி 3 நிமிடம் கழித்துத் தொடர். வீட்டில் ஆள் இருக்கும்போதும் ரோபோவை ஓட்டுபவர்களுக்கு இது மிகுந்த பயன் தரும்.

மழை: வானிலைச் சேவைகள் தருவது பெரும்பாலும் மாதிரிக் கணிப்பு, உங்கள் வாசலில் மழை பெய்ததா என்பது அதற்குத் தெரியாது. ஈரக் கால்தடத்தின் மேல் வறண்ட பிரஷ் ஓடினால் சேறு நான்கு அறைக்கும் பரவும், ஃபில்டரிலும் அப்பும். எனவே மழை என்றால் பெருக்கலைத் தள்ளிப்போடுவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். காற்றின் தரம் கெட்டால் உடனே பெருக்கச் சொல்லும் ஆட்டோமேஷன்களையும் பார்க்கலாம். மிதக்கும் நுண்தூசியை ரோபோவால் எடுக்க முடியாது, படிந்ததைத்தான் எடுக்கும். தீபாவளி இரவின் புகைக்கு மறுநாள் மதியம் பெருக்குவதே சரி.

வெப்ஹூக்: இணையத்தில் எந்தச் சேவையிலிருந்தும், ஐபோன் ஷார்ட்கட்ஸிலிருந்தும், கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டிலிருந்தும் ஒரு முகவரியைத் தட்டி நிலுவையை ஆன் செய்யலாம். ஹோம் அசிஸ்டன்டில் ட்ரிக்கர் வகையாக வெப்ஹூக்கைத் தேர்ந்தெடுத்தால் ஓர் அடையாளக் குறியீடு கிடைக்கும். அதில் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, இயல்பாக அது வீட்டு நெட்வொர்க்கிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் அந்தத் தேர்வை நீக்க வேண்டும். இரண்டு, குறியீடு தவறாக இருந்தாலும் 200 என்ற வெற்றிப் பதிலே வரும். யாரும் குறியீடுகளை ஊகித்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே 200 வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாமல், ஆட்டோமேஷனின் ட்ரேஸ் (ஓட்டப் பதிவு) பக்கத்தைப் பாருங்கள். மூன்று, கெட் (GET, முகவரியைத் திறந்தாலே இயங்கும்) முறையை அனுமதிக்காதீர்கள், போஸ்ட் (POST, தனியே செய்தி அனுப்பும்) முறை போதும். கெட் அனுமதித்த முகவரியை மெசேஜில் ஒருவருக்கு அனுப்பினால், முன்னோட்டம் காட்டுவதற்காக அந்த மெசேஜ் ஆப்பே முகவரியைத் திறந்து பார்க்கும், நிலுவை ஆன் ஆகிவிடும். அந்த முகவரியைக் கடவுச்சொல்லாகவே நடத்துங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் விடாதீர்கள்.

வெளியிலிருந்து அந்த முகவரியை எட்டுவது அடுத்த சிக்கல். நம் ஊர் ஃபைபர், ஏர்ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. ரூட்டரில் என்னதான் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. ரூட்டர் காட்டும் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்கள் நிலை அதுதான். வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்பாக அமைத்தால் தீரும்: கட்டணம் செலுத்தி ஹோம் அசிஸ்டன்ட் கிளவுட், அல்லது சொந்த டொமைனோடு கிளவுட்ஃபிளேர் டனல். ஹோம் அசிஸ்டன்டின் போர்ட் 8123ஐ நேராக இணையத்தில் திறந்து வைப்பதை, பொது ஐபி இருப்பவர்களும் செய்ய வேண்டாம்.

பாதுகாப்பை இவ்வளவு அழுத்திச் சொல்வது மிகையல்ல. 2024 மே மாதம் அமெரிக்காவில் சில வீடுகளில் எகோவாக்ஸ் டீபாட் எக்ஸ்2 ரோபோக்களை வெளியாட்கள் கைப்பற்றி, அவற்றின் ஸ்பீக்கர் வழியே வீட்டிலிருந்தவர்களை வசைபாடினார்கள். கேமரா உள்ள ரோபோ என்றால் கணக்குக்குத் தனிக் கடவுச்சொல், முடிந்தால் தனி வைஃபை நெட்வொர்க். தனி நெட்வொர்க்கில் போட்டால் ஹோம் அசிஸ்டன்டிலிருந்து மேலே சொன்ன போர்ட்டை மட்டும் திறந்துவிட மறக்காதீர்கள்.

அறைவாரியாகப் பெருக்க

சமையலறையைத் தினமும், படுக்கையறையை வாரம் இரண்டு முறை என்று பிரிக்க விரும்பினால், ரோபோராக்கில் வரைபடங்களைக் கேட்கும் ஆக்‌ஷனை ஒருமுறை ஓட்டினால் அறைகளின் எண்கள் கிடைக்கும். பெரும்பாலும் 16, 17, 18 என்று தொடங்கும். அந்த எண்களை அறைப் பெருக்கல் கட்டளையோடு அனுப்ப வேண்டும். வரைபடத்தை மறுபடி உருவாக்கினாலோ அறைகளைப் பிரித்துச் சேர்த்தாலோ எண்கள் மாறும். ஹாலுக்கு அனுப்பினால் குளியலறை வாசலில் போய் நிற்கிறது என்றால் முதலில் எண்களைச் சரிபாருங்கள்.

தரையைத் தயார் செய்வது

ஆள் இல்லாதபோது ஓடும் ரோபோவுக்கு உதவ ஆள் இல்லை என்பதை மறக்க வேண்டாம். பூஜை அறையைத் தடைப் பகுதியாகக் குறியுங்கள். தரையில் விளக்கு ஏற்றும் பழக்கம் இருந்தால் இதில் சமரசமே வேண்டாம். வாசல் கோலமாவு நைசானது, ஃபில்டரை வேகமாக அடைக்கும். நிலைப்படிக்கு உள்பக்கமே எல்லைக் கோடு போடுங்கள். மாப் வசதி இல்லாத ரோபோ தேங்கிய தண்ணீரை உறிஞ்சினால் மோட்டார் போய்விடும், ஆகவே வாஷிங் மெஷின் பக்கமும் தடைப் பகுதிதான். பள்ளத்தைக் கண்டறியும் சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை. கறுப்புக் கம்பளத்தையோ கருங்கல் தரையையோ பள்ளம் என்று எண்ணிச் சில மாடல்கள் நின்றுவிடும். ஏறக்கூடிய நிலைப்படி உயரம் பொதுவாக 2 செ.மீ. அளவுதான்.

நீண்ட கூந்தல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மெயின் பிரஷின் இரு முனைகளிலும் முடி சுற்றி இறுகும். பிரஷை மட்டும் சுத்தம் செய்து முனை மூடிகளைக் கழற்றாமல் விட்டால் அங்கே உராய்ந்து உருகவும் கூடும். ரோபோராக் ஃபில்டருக்கு 150 மணி நேரம், பக்க பிரஷுக்கு 200 மணி நேரம், மெயின் பிரஷுக்கு 300 மணி நேரம் என்று கணக்கு வைத்து, மீதமுள்ள நேரத்தை சென்சாராகத் தருகிறது. அது 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் அறிவிப்பு வரும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எந்த வரிசையில் சோதிப்பது

முதல் வாரம் காவல் ஆட்டோமேஷனில் ரோபோவைத் தொடங்கும் செயலுக்குப் பதில் "இப்போது தொடங்கியிருப்பேன்" என்ற அறிவிப்பை மட்டும் வையுங்கள். எந்தெந்த நேரத்தில் வீடு காலி என்று அது நினைக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். தவறான அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே ஒருவருடைய போனிலிருந்துதான் வரும், அந்தப் போனின் பேட்டரி அமைப்பைச் சரிசெய்யுங்கள். அடுத்து, வீட்டில் ஆள் இருக்கும்போதே நிலுவையைக் கையால் ஆன் செய்து, ரோபோ கிளம்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரூட்டரை அணைத்துப் போடுங்கள், ஹோம் அசிஸ்டன்டை மறுதொடக்கம் செய்யுங்கள். நிலுவையும் கடைசித் தேதியும் மாறாமல் இருக்க வேண்டும். இவை மூன்றும் தேறிய பிறகு தொடங்கும் செயலைச் சேர்த்து, தினசரி நேர ட்ரிக்கரோடு மட்டும் சில நாள் ஓட்டுங்கள். காலண்டர், வெப்ஹூக் ஆகியவற்றை அதன்பின் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ட்ரேஸ் பக்கம் ஓர் ஆட்டோமேஷனுக்குக் கடைசி 5 ஓட்டங்களைத்தான் இயல்பாக வைத்திருக்கும். 15 நிமிடச் சுற்றுப் பார்வை அதைச் சீக்கிரமே நிரப்பிவிடும் என்பதால், அந்த எண்ணிக்கையைச் சோதனைக் காலத்தில் 50 ஆக உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.